பெரிய எண்ணைச் சோதிக்க எந்த முறை: வகுத்துப் பார்ப்பதா, மில்லர்–ராபினா, நிரூபணமா, காரணித் தேடலா?

"இந்த எண் பகா எண்ணா? இல்லையென்றால் அதன் காரணிகள் என்ன?" என்று கேட்பவர்களில் பலர் இதை ஒரே கேள்வியாகத்தான் நினைக்கிறார்கள். பள்ளியில் படித்தது அப்படி. 2-ஆல் வகுபடுகிறதா, 3-ஆல் வகுபடுகிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். எதிலும் வகுபடவில்லை என்றால் பகா எண். வகுபட்டால் காரணி கையில். ஒரே வேலையில் இரண்டு விடையும் கிடைத்தன.

எண் வளர வளர இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 300 இலக்க எண் ஒன்று பகா எண்ணா இல்லையா என்று சாதாரணக் கணினி நொடிப்பொழுதில் சொல்லிவிடும். ஆனால் அதே 300 இலக்கத்தில், தனி வடிவம் எதுவும் இல்லாமல், ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணைக் கொடுத்தால், அதை உடைத்துக் காட்டியவர் இதுவரை யாரும் இல்லை. அதனால் "எந்த முறை நல்லது?" என்பதற்கு முன்னால் "எனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முறையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு நாள்கணக்கில் கணினியை ஓடவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில், கேள்வி எது? பகா எண்ணா என்பது மட்டுமா, காரணிகளும் வேண்டுமா? வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை என்ன, இது நிறைவெண்ணா (அந்தக் கூட்டுத்தொகை எண்ணின் சரியாக இரு மடங்கா) என்பதெல்லாம் பொதுவாகக் காரணிகள் கிடைத்த பிறகே சொல்ல முடிபவை.

அடுத்து, எவ்வளவு உறுதி வேண்டும்? நிரல் ஒன்றில் பயன்படுத்த ஒரு பகா எண் வேண்டும் என்பது வேறு, கட்டுரையில் "இது பகா எண்" என்று தேற்றமாக எழுதுவது வேறு.

மூன்றாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒரு முறையின் செலவு எதைப் பொறுத்து ஏறுகிறது? சில முறைகளுக்கு எண்ணின் மொத்த நீளம்தான் கணக்கு. சிலவற்றுக்கு அதற்குள் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய காரணியின் அளவுதான் கணக்கு. 200 இலக்க எண்ணுக்குள் 8 இலக்கக் காரணி ஒன்று இருந்தால் இரண்டாவது வகை முறைக்கு அது சின்ன வேலை.

கடைசியாக, எண்ணுக்கு வடிவம் ஏதாவது இருக்கிறதா? 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவு, எல்லா இலக்கமும் 1 என்பது போல. வடிவம் இருந்தால் வேலை பல மடங்கு குறையும். சில சமயம் அதே வடிவம் ஏமாற்றவும் செய்யும்.

இவற்றைக் கண்முன்னே பார்க்க ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம்: 11111111111. பதினொரு ஒன்றுகள். பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கிறது. இலக்கக் கூட்டுத்தொகை 11, ஆகவே 3 போகாது. ஒன்றுவிட்ட இலக்கங்களின் கூட்டுத்தொகைகள் 6-உம் 5-உம், ஆகவே 11-உம் போகாது.

## வகுத்துப் பார்த்தல்

எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணுக்கு அந்த எல்லை 1,05,409. அதற்குள் இருப்பவை சுமார் 10,000 பகா எண்கள். கணினிக்கு இது கண் இமைக்கும் நேர வேலை. காகிதத்தில் செய்பவருக்குப் பெரிய தண்டனை, ஏனென்றால் 20,000-க்குள் இருக்கும் 2,262 பகா எண்களில் ஒன்றுகூட இதை வகுக்காது.

இங்கே வடிவம் கைகொடுக்கிறது. நம் எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், அது 10¹¹ − 1 என்பதையும் வகுக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தையும் (கீழே ஃபெர்மா சோதனைக்கு அடிப்படையாக வருவது) சேர்த்துப் பார்த்தால், அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 11-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். பகா எண் ஒற்றை என்பதால் 22-இன் மடங்கு. ஆகவே 23, 45, 67, 89 என்று 22 கூட்டிக்கொண்டே போகும் வரிசையை மட்டும் பார்த்தால் போதும். அதில் 984-ஆவது எண் 21649. அது மீதியின்றி வகுக்கிறது.

11111111111 = 21649 × 513239

513239-ஐத் தனியாகச் சோதிக்கவும் வேண்டியதில்லை. 21649-க்குக் கீழே எந்தக் காரணியும் இல்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 513239 அந்த எண்ணின் வர்க்கத்தைவிடச் சிறியது, ஆகவே அதுவும் பகா எண்தான்.

இந்த முறையின் பெருமை, விடையில் சந்தேகமே இல்லை என்பது. காரணியும் கிடைக்கிறது, நிரூபணமும் கிடைக்கிறது. பலவீனம் வளர்ச்சி வேகம். இரண்டு இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்கு. 20 இலக்க எண்ணுக்கு 1,000 கோடி வரை போக வேண்டும், அதற்குள் 45 கோடிக்கும் மேல் பகா எண்கள். 40 இலக்க எண்ணுக்கு, பகா எண்களால் மட்டும் நொடிக்கு 100 கோடி முறை வகுத்தாலும் 70 ஆண்டுகள் வரை ஆகும்.

அதற்காக இதை ஒதுக்கிவிடக் கூடாது. எந்த எண்ணாக இருந்தாலும் முதல் படி இதுதான். 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தாலே, நூறில் ஏறக்குறைய 88 எண்களுக்கு ஒரு காரணியாவது சிக்கிவிடும். சில ஆயிரம் சிறிய பகா எண்களால் வடிகட்டிவிட்டு அப்புறம் பெரிய ஆயுதங்களை எடுப்பதுதான் எல்லா நல்ல நிரல்களும் செய்வது.

ஒரு எச்சரிக்கை. விரிதாளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பரவலாகப் பயன்படும் விரிதாள்கள் 15 இலக்கம்தான் துல்லியமாக வைத்திருக்கும், மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927, அங்கே போனால் 147573952589676000000 ஆகிவிடும். ஒற்றை எண்ணாக இருந்தது இரட்டை எண்ணாகிவிட்டது. அதன்மேல் செய்யும் எல்லாக் கணக்கும் தப்பு, பிழைச் செய்தியும் வராது. பைத்தான் போல முழு எண்களை எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்திருக்கும் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஃபெர்மா சோதனை

ஒரு அடிமானத்தை, அதாவது 2, 3 போல ஏதாவது ஒரு எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி பார்க்க வேண்டும். எண் பகா எண்ணாகவும் அடிமானத்தை வகுக்காததாகவும் இருந்தால் மீதி 1 வந்தே தீரும். 1 வரவில்லை என்றால் பகு எண், முடிந்தது.

1 வந்தால்தான் சிக்கல். 341 என்பது 11 × 31, ஆனால் அடிமானம் 2-க்கு மீதி 1 வரும். 561 (3 × 11 × 17) இன்னும் மோசம்: தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை எடுத்தாலும் மீதி 1. இப்படிப்பட்டவை கார்மைக்கேல் எண்கள், அவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்துவிட்டார்கள். அதே செலவில் இதைவிடக் கூர்மையான சோதனை அடுத்ததாக இருக்கும்போது, பொதுவான எண்களுக்கு இதை மட்டும் நம்பி நிற்க ஒரு காரணமும் இல்லை.

## மில்லர்–ராபின் சோதனை

பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இதுதான். கேரி மில்லர் 1976-இல் தொடங்கி வைத்ததை மைக்கேல் ராபின் 1980-இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, வருவதிலுள்ள 2-களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். மிஞ்சும் ஒற்றை எண்ணை அடிமானத்தின் அடுக்காக வைத்து மீதி பார்க்க வேண்டும். மீதி 1 அல்லது −1 (அதாவது சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு) என்றால் எண் தேறியது. இல்லையென்றால் மீதியை வர்க்கப்படுத்திக்கொண்டே போய், வெளியே எடுத்த 2-கள் தீருமுன் −1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பகு எண், அதில் மறுபேச்சு இல்லை.

ஒரு பகு எண் குலுக்கல் முறையில் எடுத்த ஒரு அடிமானத்திடம் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. 20 அடிமானங்களிடமும் தப்பிக்கும் வாய்ப்பு ஒரு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. 300 இலக்க எண்ணுக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1,000 வர்க்கப்படுத்தல்கள், அவ்வளவுதான்.

"குலுக்கல் முறையில் எடுத்த" என்பதை லேசாக விட்டுவிடக் கூடாது. நம் 11111111111-க்கு அடிமானம் 10-ஐ எடுத்துப் பார்ப்போம். பத்து அடிமான எழுத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் எண்ணுக்கு அது இயல்பாகத் தோன்றும் தேர்வு. ஒன்றைக் கழித்தால் 11111111110. ஒரே ஒரு 2 வெளியே வரும், மிஞ்சுவது 5555555555. இது 11 × 505050505. இப்போது, 10¹¹ − 1 என்பது நம் எண்ணின் 9 மடங்கு, ஆகவே 10¹¹-இன் மீதி 1. அதை எத்தனை முறை பெருக்கினாலும் மீதி 1-தான். சோதனை "தேறியது" என்கிறது. ஆனால் எண் 21649 × 513239 என்று நமக்குத் தெரியும். எண்ணின் வடிவத்தோடு உறவுள்ள அடிமானத்தை எடுத்ததால், சோதனை எதையும் சோதிக்கவே இல்லை. அடிமானம் 2-ஐ எடுத்தால் முதல் சுற்றிலேயே பகு எண் என்று பிடிபட்டுவிடும்.

நிலையான அடிமானப் பட்டியலை நம்புவதிலும் இதே ஆபத்து உண்டு. 3215031751 (151 × 751 × 28351) என்ற எண் 2, 3, 5, 7 நான்கையும் ஏமாற்றிவிடும். 1995-இல் ஆர்னோ என்பவர் 307-க்குக் குறைவான எல்லா அடிமானங்களையும் ஏமாற்றும் 397 இலக்கப் பகு எண் ஒன்றையே கட்டிக் காட்டினார். யாரோ கொடுத்த எண்ணைச் சோதிக்கிறீர்கள் என்றால், அடிமானங்களைச் சோதிக்கும் நேரத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. எண் 2⁶⁴-க்குக் கீழே இருந்தால், அதாவது 18446744073709551616-ஐத் தாண்டாவிட்டால், 2 முதல் 37 வரையிலான 12 பகா எண்களை அடிமானங்களாக எடுத்தாலே போதும். அந்த எல்லைக்குள் இவை எல்லாவற்றையும் ஏமாற்றும் பகு எண் ஒன்றுகூட இல்லை. அங்கே இது நிகழ்தகவு இல்லை, முழு உறுதி.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு மறைந்த செலவு: அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு அப்புறம் மீதி பார்க்காதீர்கள். அந்த இடைப்பட்ட எண் எந்த நினைவகத்திலும் அடங்காது. பைத்தானில் அடுக்குக் கணக்குக்கான உள்ளமைந்த செயற்கூற்றுக்கு மூன்றாவதாக வகுக்கும் எண்ணையும் கொடுத்தால், ஒவ்வொரு படியிலும் மீதியை எடுத்துக்கொண்டே போகும்.

## நிரூபணம் தரும் முறைகள்

மில்லர்–ராபின் 'பகு எண்' என்று சொன்னால் அது நிரூபணம். 'பகா எண்' என்று சொன்னால் மிக வலுவான நம்பிக்கை மட்டுமே. நம்பிக்கை போதாது என்பவர்களுக்கு மூன்று பாதைகள்.

வடிவம் 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவு என்றால் யோசிக்கவே வேண்டாம், லூகா–லேமர். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். 2⁷ − 1 = 127-க்குச் செய்து பார்த்தால்: 4, 14, 67, 42, 111, 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில், அதாவது ஐந்தாவது படியில், சுழியம் வந்துவிட்டது. 127 பகா எண். நிரூபணம் இவ்வளவுதான். 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று எட்வர் லூகா 1876-இல் கையாலேயே காட்டியது இந்த வகைக் கணக்கால்தான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது, இதே சோதனையில்தான் உறுதியானது. அங்கேகூட முதலில் ஃபெர்மா வகைச் சோதனையில் "பகா எண்ணாக இருக்கலாம்" என்று தெரிந்தது, லூகா–லேமர் அடுத்த படியாக வந்தது. விலை குறைந்த வடிகட்டி முதலில், விலை கூடிய நிரூபணம் பின்னால்.

வடிவம் எதுவும் இல்லையென்றால் நீள்வட்ட வளைவு நிரூபணம். நேரம் எடுக்கும், ஆனால் கடைசியில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். மற்றவர்கள் மொத்தக் கணக்கையும் திரும்பச் செய்யாமல் அதை மட்டும் வேகமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். சில நூறு இலக்க எண்களுக்கு இது தாராளமாக நடைமுறை.

மூன்றாவது, ஏகேஎஸ். மணிந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கான்பூர் ஐஐடியில் 2002-இல் கண்டுபிடித்தது. எந்த எண்ணையும், நிகழ்தகவு எதுவும் கலக்காமல், நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் சார்ந்திராமல், இலக்க நீளத்தின் பல்லுறுப்புக்கோவை அளவு நேரத்தில் (நீளத்தின் ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்கும் நேரத்தில்) தீர்மானிக்க முடியும் என்று முதன்முதலில் காட்டியது. இந்தக் கண்டுபிடிப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு விடைக்குக் காத்திருப்பவருக்கு இது தேர்வே இல்லை. நடைமுறையில் மேலே சொன்ன இரண்டையும்விட மிக மெதுவானது.

## காரணித் தேடல்

2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று லூகா 1876-இலேயே காட்டிவிட்டார், ஒரு காரணிகூடத் தெரியாமல். 193707721 × 761838257287 என்ற பெருக்கலை ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முன் வைத்தது 1903-இல். இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சிறிய காரணி இருக்கும் என்று நினைத்தால் முதலில் போலார்டின் ரோ முறை (1975). மிகச் சிறிய காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் இதன் வேலை. நம் எண்ணில் 21649-இன் வர்க்கமூலம் 147, ஆகவே பொதுவாகச் சில நூறு படிகளுக்குள் காரணி விழுந்துவிடும். நிரல் பத்து வரிகள்தான், நினைவகமும் வேண்டாம். 78 இலக்கமுள்ள 2²⁵⁶ + 1-இலிருந்து 16 இலக்கக் காரணி ஒன்றை பிரென்ட்டும் போலார்டும் 1980-இல் எடுத்தது இதன் மேம்பட்ட வடிவத்தால்தான்.

காரணி 20 இலக்கத்தைத் தாண்டும் போலிருந்தால் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு முறை. இதற்கும் காரணியின் அளவுதான் முக்கியம். இதன் மறைந்த செலவு, எப்போது நிறுத்துவது என்று அது சொல்லாது. ஆயிரம் வளைவு (ஒரு வளைவு என்பது ஒரு முயற்சி) ஓட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், சிறிய காரணி "அநேகமாக இல்லை" என்று மட்டும்தான் சொல்லலாம்.

இரண்டு காரணிகளும் பெரியவை என்றால் சல்லடைகள். 100 இலக்கம் வரை இருபடிச் சல்லடை, அதற்கு மேல் எண் புலச் சல்லடை. இவற்றுக்கு எண்ணின் மொத்த நீளம்தான் செலவு. 129 இலக்கமுள்ள ஆர்எஸ்ஏ-129 (உடைத்துப் பாருங்கள் என்று சவாலாக வெளியிடப்பட்ட எண்களில் ஒன்று) இருபடிச் சல்லடையால் 1994-இல் உடைந்தது. 250 இலக்கமுள்ள ஆர்எஸ்ஏ-250, 2020 பிப்ரவரியில் எண் புலச் சல்லடையால். அதற்குப் பிடித்த கணினி நேரம், ஒரே ஒரு செயலி உள்ளகம் மட்டும் ஓடியிருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள். தொடங்குவதற்கு முன்னால் மின்சாரத்தையும் வட்டு இடத்தையும் கணக்குப் போட வேண்டிய ஒரே முறை இது.

## ஒரே பார்வையில்

| முறை | எந்தக் கேள்விக்கு | உறுதி | செலவு ஏறுவது எதனால் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| வகுத்துப் பார்த்தல் | இரண்டுக்கும் | முழு உறுதி | காரணியின் அளவு. பகா எண் என்றால் வர்க்கமூலம் வரை | 20 இலக்கத்துக்கு மேல் வடிகட்டியாக மட்டும் |
| ஃபெர்மா | பகா எண்ணா | பகு என்றால் மட்டும் உறுதி | எண்ணின் நீளம் | கார்மைக்கேல் எண்கள் |
| மில்லர்–ராபின் | பகா எண்ணா | பகு என்றால் உறுதி; 2⁶⁴-க்குள் இரண்டுக்கும் உறுதி | எண்ணின் நீளம் (மெதுவாக ஏறும்) | அடிமானத் தேர்வு |
| லூகா–லேமர் | பகா எண்ணா | நிரூபணம் | எண்ணின் நீளம் | 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்களுக்கு மட்டும் |
| நீள்வட்ட வளைவு நிரூபணம் | பகா எண்ணா | நிரூபணம், சான்றிதழுடன் | எண்ணின் நீளம் | எழுதக் கடினம்; ஆயத்த நிரலை எடுங்கள் |
| போலார்ட் ரோ | காரணி | கிடைத்தால் உறுதி | மிகச் சிறிய காரணி | பகா எண்ணில் ஓடவிட்டால் முடிவே இல்லை |
| நீள்வட்ட வளைவுக் காரணி முறை | காரணி | கிடைத்தால் உறுதி | மிகச் சிறிய காரணி | எப்போது நிறுத்துவது |
| சல்லடைகள் | காரணி | உறுதி | எண்ணின் நீளம் (வேகமாக ஏறும்) | நினைவகம், மின்சாரம், நாட்கள் |

## யாருக்கு எது

12 இலக்கத்துக்குள் என்றால் வகுத்துப் பாருங்கள், வேறெதையும் படிக்க வேண்டாம். 20 இலக்கம் வரை, விடை மட்டும் போதும் என்றால் 12 அடிமானங்களோடு மில்லர்–ராபின், காரணியும் வேண்டும் என்றால் அதோடு போலார்ட் ரோ. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண் பகா எண் என்று தெரியாமல் ரோவை ஓடவிட்டால், இல்லாத காரணியைத் தேடிக்கொண்டே இருக்கும்.

நூற்றுக்கணக்கான இலக்கத்தில் பகா எண் தேவைப்படும் நிரலாளருக்குக் குலுக்கல் முறையில் எடுத்த அடிமானங்களோடு மில்லர்–ராபின். சொந்தமாக எழுதுவதைவிட, தேர்ந்த கணித நூலகத்தில் இருப்பதை எடுப்பது பாதுகாப்பு. தேற்றமாக எழுதுபவருக்கு நீள்வட்ட வளைவுச் சான்றிதழ்.

100 இலக்கத்துக்கு மேலான பகு எண்ணின் காரணி வேண்டும் என்பவர் முதலில் சிறிய பகா எண்களால் வடிகட்டி, ரோவைச் சிறிது நேரம், நீள்வட்ட வளைவைச் சில நாட்கள் ஓட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறை காரணி விழும்போதும் மிச்சத்தை மில்லர்–ராபினில் போட்டுப் பார்க்க வேண்டும். மிச்சம் பகா எண்ணாக இருந்துவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது, சல்லடை வரை போகவே தேவையில்லை.

காரணிகள் முழுதாகக் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். நம் எண்ணுக்கு வகுத்திகள் நான்கு: 1, 21649, 513239, 11111111111. அவற்றின் கூட்டுத்தொகை 21650 × 513240 = 11111646000. எண்ணின் இரு மடங்குக்கு இது பக்கத்தில்கூட வரவில்லை, ஆகவே 11111111111 நிறைவெண் இல்லை, குறைவெண்.